சத்தம் போடாத விசிறி

ஏப்ரல் 17, திங்கள்

முதல் மூன்று அத்தியாயங்களும் திரும்பி வந்துவிட்டன. ஒலிநூலகத்தின் குறிப்பு இரண்டே வரி: "வாசிப்பு சிறப்பு. பின்னணி இரைச்சல் வரம்பை மீறியுள்ளதால் மீண்டும் பதிவு செய்து அனுப்பக் கோருகிறோம்." முப்பத்தாறு ஆண்டுகள் கல்லூரியில் இயற்பியல் கற்பித்து, இதைவிடக் கடுமையான சொற்களில் விடைத்தாள்களைத் திருப்பிக் கொடுத்தவள் நான். குறை சொல்ல எனக்கு உரிமையில்லை. காப்பி போட்டுக் குடித்தேன்.

நிலவரத்தை எழுதிவைப்பது நல்லது. நூல்: முதுகலை மாணவர்க்கான கணிதப் பொருளியல், தமிழில், 436 பக்கங்கள், பன்னிரண்டு அத்தியாயங்கள். கேட்கப்போகிறவர்: ஆறுமுகநயினார், வயது நாற்பத்தொன்று, அரசு அலுவலகமொன்றில் தொலைபேசி இணைப்பாளர், பிறவியிலேயே பார்வையற்றவர். நூலைத் தானே வாசித்துச் சொல்லும் மென்பொருள்கள் தமிழ் வரிகளை ஒருவாறு கடந்துவிடும். சமன்பாடு வந்தால் உளறும், வரைபடம் வந்தால் வாயை மூடிக்கொள்ளும். அதனால்தான் மனிதக் குரல் தேவைப்படுகிறது. இந்தத் தாளில் அவர் இருமுறை தோற்றிருக்கிறார். மூன்றாம் முறை ஜூன் 24. அத்துடன் அந்தப் பாடத்திட்டத்தையே பல்கலைக்கழகம் நிறுத்துகிறது.

என் பக்கத்து நிலவரம்: ஜூன் 5 அன்று என் கழுத்திலிருந்து தைராய்டுக் கட்டியை அகற்றுகிறார்கள். குரல்நாண்களுக்குச் செல்லும் நரம்பு கட்டியின் அடியில் ஓடுகிறது. மருத்துவர் அதை மருந்துச் சீட்டின் பின்புறம் வரைந்து காட்டினார். படம் மோசம், செய்தி தெளிவு. பிறகு குரல் எப்படியிருக்கும் என்று அவரால் உறுதி கூற முடியாதாம்.

ஆகவே, பன்னிரண்டு அத்தியாயங்கள், நாற்பத்தொன்பது நாட்கள்.

ஏப்ரல் 18, செவ்வாய்

இரைச்சலைத் தேடினேன். குளிர்பதனப் பெட்டியை அணைத்தேன். மேல்விசிறி ஏற்கெனவே நிறுத்தப்பட்டிருந்தது; பதிவின்போது சன்னல்களும் அடைபட்டிருக்கும். இந்த ஊரில், இந்த மாதத்தில், அது என்ன அனுபவம் என்று எழுதி மை வீணாக்கப்போவதில்லை. எனக்கு எந்த இரைச்சலும் கேட்கவில்லை. எழுபத்து மூன்று வயதுச் செவி என்பதை ஒப்புக்கொண்டு, நயினாருக்கு ஒரு நிமிடப் பதிவை அனுப்பினேன். உடனே அழைத்தார்.

"டீச்சர், உங்களுக்கு எடது பக்கம், கால் கிட்ட, ஒரு வண்டு கெடந்து கத்துது."

"வண்டா?"

"சின்ன விசிறி மாதிரி. நீங்க பேச ஆரம்பிச்சா கூடுது, நிறுத்துனா கொஞ்சம் கழிச்சுக் கொறையுது. உங்க கூடப் போட்டிக்கு நிக்கு."

கணினி என் இடக்கால் அருகில்தான் இருக்கிறது. அதை அவரிடம் ஒருபோதும் சொன்னதில்லை.

உள்ளே இருப்பது, கணினியின் மூளையான செயலியின் தலைமேல் திருகப்பட்ட விசிறி. என் உள்ளங்கையைவிடச் சிறியது. பதிவு தொடங்கியதும் செயலி சூடேறுகிறது, விசிறி வேகமெடுக்கிறது, ஒலிவாங்கி அனைத்தையும் கேட்டுக்கொள்கிறது.

ஏப்ரல் 20, வியாழன்

தங்கை ஐரீன் நாகர்கோவிலிலிருந்து அழைத்தாள். ஓய்வுபெற்ற செவிலி, ஆனால் என் விஷயத்தில் ஓய்வுபெற மறுக்கிறாள்.

"அக்கா, கம்ப்யூட்டரத் தூக்கி அடுத்த ரூம்ல வையேன்."

வைத்துப் பார்த்துவிட்டேன் என்றேன். திரையின் கம்பியும் ஒலிவாங்கியின் கம்பியும் வர வேண்டுமானால் கதவு திறந்திருக்க வேண்டும்; கதவு திறந்தால் சாலை உள்ளே வருகிறது. கணினியே வேண்டாம் என்று காகிதத்தைப் பார்த்து வாசிக்கவும் முடியாது. நூலின் சமன்பாடுகளில் வரும் கீழ்க்குறிகள் எறும்பின் முட்டை அளவு. திரையில் மூன்று மடங்கு பெரிதாக்கினால்தான் என் கண்ணுக்கு எட்டும்.

"அப்போ போன்ல பேசி அனுப்பு."

"போன்ல பேசுனா போன்ல பேசுன மாதிரிதான் இருக்கும். நூலகம் எடுக்காது."

"வேற யாராவது படிக்கட்டுமே. ஆபரேஷனுக்கு முன்னாடி தொண்டைக்கு ரெஸ்ட் குடுக்கணும். இப்பவே நீ மூச்சு விடுறது எனக்கு இங்க கேக்கு."

தொலைபேசி இணைப்பு சரியில்லை என்று வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 22, சனி

வண்ணார்பேட்டையில் காஜா மைதீனின் கணினி உதிரிபாகக் கடை. முதல் மாடி, பத்தொன்பது படிகள். பன்னிரண்டாம் படியருகே சுவரில் ஒட்டியிருந்த கண் மருத்துவ முகாம் அறிவிப்பை நின்று முழுமையாக வாசித்தேன். நன்றாக எழுதப்பட்ட அறிவிப்பு.

காஜா மைதீனுக்கு ஐம்பது வயதிருக்கும். என்னைக் கண்டதும் நாற்காலியைத் துடைத்தார்; அக்காவின் ஆசிரியை என்ற மரியாதை. "எங்க லாத்தா உங்கள்ட்ட படிச்சாவொ டீச்சரம்மா. மெஹராஜ் பானு."

"ரெண்டாவது பெஞ்ச். லென்ஸ் சோதனையில தலைகீழ் பிம்பத்த எப்பவும் நேரா வரைவா."

"இப்பமும் அப்படித்தான் இருக்காவொ," என்றார்.

பிறகு அட்டைப் பெட்டி ஒன்றைத் திறந்தார். இரண்டு குழாய்கள், ஒரு நீர்த்தொட்டி, மூன்று விசிறிகள், ஒவ்வொன்றிலும் கோயில் கொடைவிழா போல வண்ண விளக்குகள்.

"இது தண்ணி கூலர். கேம் ஆடுத பயலுவொ எல்லாம் இதத்தான் கேக்கானுவொ. கலர் பாருங்க."

"கலர் இருக்கட்டும். சத்தம் எவ்வளவு?"

"சத்தமே கெடையாது."

"கிடையாதுன்னா பூஜ்யமா?"

"பூஜ்யம்னே சொல்லலாம்."

"சொல்லலாம். எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவீங்களா?"

பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். "இருவத்தொம்பது டெசிபல்னு போட்ருக்கான்."

"எவ்வளவு தூரத்துல?"

"பெங்களூர்ல இருந்து வருது டீச்சரம்மா. ரெண்டு நாள் ஆவும்."

விசிறியிலிருந்து அளவுக்கருவி எத்தனை தூரத்தில் வைக்கப்பட்டது என்று தெரியாமல் டெசிபல் எண்ணுக்குப் பொருளில்லை என விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, "இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல" என்றார். யாரும் கேட்காததைக் கேட்பதற்காகத்தான் எனக்கு முப்பத்தாறு ஆண்டுகள் சம்பளம் கொடுத்தார்கள்.

நீர்க்குழாய் வேண்டாம் என்று அங்கேயே தீர்மானித்தேன். நீரை ஓட்ட ஒரு மோட்டார் வேண்டும். அது ஓயாமல் சுழலும். ஒரு வண்டை விரட்டிவிட்டு இன்னொன்றை வளர்ப்பதாகும்.

ஏப்ரல் 24, திங்கள்

விசிறியே இல்லாத குளிர்விப்பான்கள் உண்டு. உலோகத் தகடுகளின் அடுக்கு மட்டும். காற்று தானாக ஏறிச் சூட்டை எடுத்துச் செல்லும். சத்தம் உண்மையிலேயே பூஜ்யம். அரை நாள் அதன் மேல் காதலாக இருந்தேன். பிறகு விவரத்தாளின் அடியில் சிறிய எழுத்துகளைப் பெரிதாக்கிப் பார்த்தேன்: "அறை வெப்பநிலை 25 டிகிரி எனக் கொண்டு."

அது எந்த ஊரின் அறை? சன்னல்கள் அடைத்த என் அறையில் பிற்பகல் மூன்று மணிக்கு 38. எந்தத் தகடும் தன்னைச் சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர முடியாது. அந்தப் பதின்மூன்று டிகிரியை உற்பத்தியாளர் தம் ஊரிலேயே வைத்துக்கொள்ளட்டும்.

எஞ்சுவது ஒன்று: பெரிய தகட்டடுக்கு, அதற்குப் பெரிய விசிறி, அது மெல்லச் சுழல வேண்டும். சிறிய விசிறி நிமிடத்துக்கு மூவாயிரம் சுற்று சுற்றித் தள்ளும் காற்றைப் பெரியது எழுநூறு சுற்றில் தள்ளிவிடும். அதிகம் சுழல்வது அதிகம் பேசும். கல்லூரி நிர்வாகத்திலும் இதைக் கண்டிருக்கிறேன்.

ஏப்ரல் 26, புதன்

கணினிக் கேபினெட்டின் பக்கக் கதவைக் கழற்றி, செயலியின் மட்டத்திலிருந்து கதவு வரை எவ்வளவு இடமென்று பின்னல் ஊசியை நிறுத்தி அளந்தேன். 162 மில்லிமீட்டர். காஜா மைதீன் பரிந்துரைத்ததன் உயரம் 165. தொலைபேசியில் சொன்னேன்.

"மூணு மில்லிமீட்டர்தானே டீச்சரம்மா. கதவத் தொறந்தே போட்ருங்க."

"உங்க வீட்டுக் கதவ அப்படிப் போடுவீங்களா?"

158 உயரத்தில் ஒன்று இருக்கிறது. ஆறு செப்புக் குழாய்கள், ஒரே விசிறி, விட்டம் பதினான்கு சென்டிமீட்டர். விளக்குகள் இல்லை. அதனால் அதை யாரும் வாங்குவதில்லை; கையிருப்பும் இல்லை. வரவழைக்கச் சொல்லிவிட்டேன்.

குனிந்து அளந்ததில் மூச்சு வாங்கியது. வெயில்.

ஏப்ரல் 30, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. போதகர் அழைத்து உடல்நலம் விசாரித்தார். ஒலிபெருக்கியைக் கொஞ்சம் குறைத்தால் வருவதாகச் சொன்னேன்.

மே 4, வியாழன்

குளிர்விப்பான் வந்துவிட்டது. அக்கினி நட்சத்திரமும் இன்றுதான் தொடங்குகிறது. கடையில் பொருத்தித் தருகிறேன், மூன்று நாள் கணினியை விட்டுவிட்டுப் போங்கள் என்றார் காஜா மைதீன். மூன்று நாள் என்னிடம் இல்லை. திருப்புளி வைத்திருக்கிறேன், படிக்கத் தெரியும். நானே செய்வதாகச் சொன்னேன்.

பொருத்தும் கையேட்டில் ஒரு சொல்கூட இல்லை, எல்லாம் படங்கள். பதினொன்று. எந்த மொழிக்காரரும் சண்டைக்கு வராதபடி எல்லாருக்கும் சமமாகப் புரியாமல் செய்திருக்கிறார்கள். இதற்கிடையில் நயினார் அழைத்தார். கைபேசியை மேசைமேல் வைத்து, ஒலியைக் கூட்டி, படங்களை அவருக்கு விவரித்துக்கொண்டே வேலையைச் செய்தேன். பார்வையற்றோர்க்கு ஒன்பது ஆண்டுகளாக வாசிக்கிறேன். படத்தில் இருப்பதைச் சொல்ல வேண்டும், இருப்பதற்குமேல் சொல்லக் கூடாது. இது எங்கள் விதி.

"படம் ஒன்று. நான்கு தூண்கள், நான்கு மூலைகளில். படம் இரண்டு. தூண்கள்மேல் குறுக்காக இரு கம்பிகள். படம் மூன்று. குளிர்விப்பான் கவிழ்ந்திருக்கிறது, அடித்தகடு மேலே தெரிகிறது. தகட்டின் மூலையருகே ஒரு கை. மூலையிலிருந்து வளைந்தெழும் ஓர் அம்புக்குறி. படம் நான்கு. செயலியின் நடுவில் பட்டாணி அளவு பசை."

"அந்தப் பசை எதுக்கு டீச்சர்?"

"ரெண்டு உலோகத்துக்கும் நடுவுல காற்று தங்காம இருக்க. காற்று சூட்டைக் கடத்தாது."

ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. இருமுறை உட்கார்ந்தேன். கதவு மூடியது, நான்கு மில்லிமீட்டர் மிச்சம்.

மே 5, வெள்ளி

முதல் அத்தியாயம், பக்கம் 9. திரை கறுத்துக் கணினி நின்றுவிட்டது. மீண்டும் ஏற்றினேன், ஆறு நிமிடத்தில் மறுபடி நின்றது. செயலியின் வெப்பநிலை 97 காட்டுகிறது. புதிய விசிறி முழு வேகத்தில், பழையதைவிட மோசமாக ஊளையிடுகிறது.

கதவைக் கழற்றித் தகடுகளைத் தொட்டேன். குளிர்ந்திருந்தன. செயலி கொதிக்கிறது, அதன்மேல் அமர்ந்த தகடு குளிர்கிறது என்றால் இடையில் ஏதோ மறிக்கிறது. இது முதலாண்டு மாணவிக்குத் தெரியும். எது மறிக்கிறது என்பது எனக்குத் தெரியவில்லை. பசை வைத்தேன், திருகாணிகளைக் குறுக்குவாட்டில் சமமாக இறுக்கினேன். நான்கு முறை கையேட்டைப் புரட்டினேன். ஐந்து மணிக்கு நயினார் அழைத்தார். தோற்றுவிட்டதாகச் சொன்னேன்.

"டீச்சர், நேத்து மூணாம் படம் சொன்னிய. மூலையில இருந்து வளைஞ்சு வார அம்புக்குறின்னு."

"ஆமா."

"அது என்னத்துக்கு? திருகதுக்கா?"

"அந்தப் படத்துல திருகாணி இல்ல."

"அப்போ உரிக்கதுக்கா இருக்கும். புது போன் வாங்குனா மேல மெல்லிசா பிளாஸ்டிக் தாள் ஒட்டிருக்கும்லா. மூலையில நகத்தக் குடுத்து உரிப்போம்லா."

கையேட்டைப் புரட்டி மூன்றாம் படத்தைக் கண்ணருகே பிடித்தேன்.

"லைன்ல இருக்கியளா டீச்சர்?"

"இருக்கேன். வெட்கப்பட்டுக்கிட்டு இருக்கேன். முடிஞ்சதும் சொல்லுதேன்."

மே 6, சனி

கழற்றினேன். அடித்தகட்டில், கண்ணுக்கே தெரியாத நெகிழித் தாள், என் பசை பூசப்பட்டு அழகாக ஒட்டியிருந்தது. விவரித்தவள் நான், விளங்கிக்கொண்டவர் அவர். இருப்பதற்குமேல் சொல்லக் கூடாது என்ற விதியை எனக்கே பிரயோகித்து, இருப்பதற்குமேல் சிந்திக்கவும் மறந்திருக்கிறேன்.

தாளை உரித்து, பழைய பசையைத் துடைத்து, புதிதாக வைத்து மூடினேன். ஒரு மணி நேர வாசிப்புக்குப் பிறகு வெப்பநிலை 61. விசிறி சுழல்கிறதா என்று விரல் நீட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. நயினாருக்குப் பதிவை அனுப்பினேன்.

"வண்டு செத்துட்டு டீச்சர்," என்றார். "இப்பம் நீங்க மட்டுந்தான் இருக்கிய."

இந்த அறையில் விசிறிக்குத் தகுதி பெற்றது இயந்திரம் ஒன்றுதான். நான் ஈரத்துண்டோடு அமர்ந்து வாசிக்கிறேன்.

மே 9, செவ்வாய்

அத்தியாயம் 2 முடிந்தது. ஒலிநூலகம் முதலாவதை ஏற்றுக்கொண்டது.

மே 13, சனி

ஐந்து முடிந்தது. படுக்கையில் இப்போது மூன்று தலையணைகள். உயரமாகப் படுத்தால் காற்று நன்றாக வருகிறது. அறையின் அமைப்பு அப்படி.

மே 16, செவ்வாய்

ஏழு. பெருமம், சிறுமம், அவற்றைக் காணும் வழி. இந்த நூலாசிரியருக்கு நிறுத்தற்குறிகளின் மேல் என்ன கோபமோ தெரியவில்லை. ஒரு வாக்கியத்தை முடிக்க நான் மூன்று இடங்களில் நிற்க வேண்டியிருக்கிறது. முன்பு இரண்டில் முடித்தேன்.

மே 19, வெள்ளி

ஒன்பது முடிந்தது. மாலை நயினார் அழைத்தார். சுற்றி வளைத்துப் பேசுகிறவரல்லர், இன்று வளைத்தார். அலுவலகத்தில் வெயில், பேருந்தில் கூட்டம், மாம்பழ விலை.

"நயினார், விஷயத்துக்கு வாங்க."

"ஒரு சத்தம் இருக்கு டீச்சர். பழைய வண்டு இல்ல. வேற. நூலகத்துக்காரங்க மெஷின்ல தெரியாது. வரம்புக்கு ரொம்பக் கீழ. ஊதல் மாதிரி. வரிக்கும் வரிக்கும் நடுவுல."

"எப்போ இருந்து?"

"நாலாம் அத்தியாயத்துல லேசா. அதுக்கு முன்னாடி இருந்துருக்கலாம். நல்லாக் கேட்டது நாலுல இருந்து."

நாளை கண்டுபிடித்துவிடுகிறேன் என்றேன்.

மே 20, சனி

மூன்று பதிவுகள் செய்தேன், ஒவ்வொன்றும் அரை நிமிடம். ஒன்று: கணினி ஓடுகிறது, நான் வெளியே. இரண்டு: கணினி ஓடுகிறது, நான் நாற்காலியில், மூச்சை அடக்கிக்கொண்டு. முழு அரை நிமிடம் முடியவில்லை, பதினொரு நொடி. மூன்று: கணினி ஓடுகிறது, நான் நாற்காலியில், வழக்கம்போல்.

நயினார் மூன்றையும் கேட்டார். மூன்றாவதில் மட்டும் இருக்கிறது.

மூலம் கண்டறியப்பட்டது. இத்தனை நாள் சிறிய விசிறியின் பின்னால் ஒளிந்திருந்திருக்கிறது. வண்ணார்பேட்டையில் இதற்கு மாற்று கிடைக்காது.

மே 21, ஞாயிறு

பத்து முடிந்தது, நின்றுகொண்டு வாசித்தேன். ஒலிவாங்கியை நான்கு அகராதிகளின் மேல் ஏற்றிவைத்தேன். நின்றால் ஊதல் குறைகிறது.

பக்கத்துக்கு எத்தனை ஊதல் என்று நயினாரிடம் கணக்குக் கேட்டிருந்தேன். தயங்கினார்.

"அத எண்ணணுமா டீச்சர்?"

"எண்ணித்தான் ஆகணும். உங்க காதுதான் கருவி. கருவி இரக்கப்படக் கூடாது."

எண்ணிச் சொன்னார். நான்காம் அத்தியாயத்தில் பக்கத்துக்கு ஒன்று. ஏழில் நான்கு. ஒன்பதில் ஒன்பது. பத்தில், நின்றும், எட்டு. வரைபடத்தாளில் நாட்களைக் கிடையாகவும் எண்ணிக்கையை நெடுக்காகவும் குறித்துக் கோடு வரைந்தேன். நேர்கோடு அன்று. நின்று வாசித்த பத்தைத் தள்ளிவைத்தால் மேல்நோக்கி வளைகிறது. அது ஜூன் 5 வரை காத்திருக்கிற கோடாகத் தெரியவில்லை.

மே 22, திங்கள்

வரைபடத்தாளை மருத்துவரிடம் கொடுத்தேன். சற்று நேரம் பார்த்தார்.

"இது என்னம்மா?"

"பக்கத்துக்கு எத்தனை முறை மூச்சு ஊதுதுன்னு. என் வாசிப்பக் கேக்குறவர் எண்ணினார்."

"படுத்தா எப்படி இருக்கு?"

"மூணு தலையணை."

"எத்தனை நாளா?"

"பத்து நாள் இருக்கும்."

"அப்பவே வந்திருக்கணும்ல?"

"அப்போ வெயில்னு நினைச்சேன்."

ஸ்கேன் எடுத்தார்கள். கட்டி மூச்சுக்குழாயை அழுத்துகிறதாம். அறுவை சிகிச்சை இந்த வெள்ளி, மே 26. பத்து நாள் போய்விட்டது. தள்ள முடியுமா என்று கேட்கவில்லை. கோட்டை வரைந்தவளே நான்தான். அந்தத் தாளைக் கோப்பில் வைத்துக்கொள்ளலாமா என்றார் மருத்துவர். அச்சுகளின் பெயர் எழுதாமல் விட்டிருந்தேன், எழுதிக் கொடுத்தேன்.

இரண்டு அத்தியாயங்கள், மூன்று நாட்கள்.

மே 24, புதன்

ஐரீன் வந்துவிட்டாள். நான் வாசிக்கையில் சுவரோரம் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். ஒரு பக்கம் முடிந்ததும், "போதும், படு" என்றாள். "பதிவாகிறது" என்றேன். அடுத்த பக்கத்தில் அவள் மூக்குறிஞ்சும் ஓசை பதிவாகிவிட்டது. வெளியே அனுப்பி, அந்தப் பக்கத்தை மறுபடி வாசித்தேன்.

மே 25, வியாழன்

பதினொன்று முடிந்தது, மாலை நாலே காலுக்கு. பன்னிரண்டைத் தொடங்கினேன். முதல் பக்கத்தின் பாதியில் இருமல் வந்து நிற்கவில்லை. ஐரீன் உள்ளே வந்து கணினியை அணைத்துவிட்டாள். முறையாக அணைக்காமல், சுவரிலுள்ள சுவிட்சைத் தட்டினாள். அவளுடைய பயிற்சி வேறு.

இருபத்தெட்டுப் பக்கங்கள் மிச்சம், 409 முதல் 436 வரை. கட்டாய வினா அந்த அத்தியாயத்திலிருந்துதான் வரும். நயினாரிடம் சொன்னேன்.

"அது இல்லாமயும் எழுதிருவேன் டீச்சர்," என்றார்.

அவர் சொன்ன முதல் பொய் இது. நன்றாகச் சொல்லத் தெரியவில்லை.

ஜூன் 1, வியாழன்

வீடு திரும்பினேன். கட்டி போய்விட்டது, புற்று இல்லை. ஒரே தலையணையில் உறங்குகிறேன். இடப்பக்க நரம்பு ஓய்ந்திருக்கிறதாம். மூன்று மாதத்தில் திரும்பலாம், ஆறு மாதமாகலாம், திரும்பாமலும் போகலாம். ஒரு வாரம் வாய் திறக்கக் கூடாது; கிசுகிசுப்பதும் கூடாது. சிலேட்டில் எழுதிக் காட்டுகிறேன். ஐரீன் எழுபது ஆண்டுகளாக இதற்காகக் காத்திருந்தாள் என்பது அவள் முகத்தில் தெரிகிறது.

ஜூன் 5, திங்கள்

ஒலிநூலகம் பன்னிரண்டாம் அத்தியாயத்துக்கு வேறொருவரை ஏற்பாடு செய்து, மாதிரிக்கு ஐந்து பக்கம் அனுப்பியிருக்கிறது. தேன் போன்ற குரல். சமன்பாடுகளைத் துணிச்சலோடு தாண்டிச் செல்கிறார். மூன்று இடங்களில், "விளக்கத்துக்குப் படத்தைக் காண்க" என்று பார்வையற்றவரிடம் கனிவாகச் சொல்கிறார்.

நயினாருக்கு அதை அனுப்பியிருக்கிறார்கள். "நல்ல கொரல்" என்று மட்டும் செய்தி அனுப்பினார்.

ஜூன் 8, வியாழன்

பேச்சுப் பயிற்சியாளர் அனுமதி தந்தார்: தாழ்ந்த குரலில், ஒரு வேளைக்குப் பத்து நிமிடம், நாளுக்கு மூன்று வேளை. முதன்முறையாக என் குரலைக் கேட்டேன். அது குரலன்று; காற்றில் கரைந்த ஏதோ ஒன்று. ஐரீன் பக்கத்தில் நின்றும், "என்ன சொன்ன?" என்றாள்.

அறையை அடைத்து ஒலிவாங்கியின் முன் உட்கார்ந்தேன். திரையின் அளவுகோலில், என் பழைய குரல் ஏறிய உயரத்தில் கால்வாசியைக்கூட இது எட்டவில்லை. ஆனால் நான் வாய் மூடியதும் கோடு தரையோடு தரையாகப் படிந்தது. பழைய விசிறி இருந்திருந்தால் அதன் ஊளை இந்தக் காற்றை விழுங்கியிருக்கும். இப்போது விழுங்க எதுவும் இல்லை. குரல் எவ்வளவு பெரிது என்பது கேள்வியே அல்ல; இரைச்சலைவிட எவ்வளவு பெரிது என்பதுதான் கேள்வி. பதிவான பிறகு ஒலியளவை உயர்த்தினேன். ஒவ்வொரு மெய்யெழுத்தும் இருந்தது.

இருபத்தெட்டுப் பக்கம், நாளுக்கு மூன்று. ஜூன் 17-இல் முடியும். மறுபடி கேட்க அவருக்கு ஒரு வாரம் கிடைக்கும். ஒலிநூலகத்துக்கு எழுதிவிட்டேன்: மாற்று வாசகருக்கு நன்றி, தேவையில்லை.

ஜூன் 9, வெள்ளி

முதல் மூன்று பக்கங்களை நேற்று அனுப்பியிருந்தேன். காலையில் நயினார் அழைத்தார். நான் பேசவில்லை; பத்து நிமிடமும் நூலுக்குரியது. எடுத்ததன் அடையாளமாக நகத்தால் கைபேசியை ஒருமுறை தட்டினேன்.

"டீச்சரா?"

தட்டினேன்.

"ஒண்ணுன்னா ஆமா. அப்படித்தானே? சரி. இல்லன்னா ரெண்டு." மூச்சு விட்டார். "மூணு பக்கமும் நாலு வாட்டி கேட்டேன். கொரலப் பத்தி நான் ஒண்ணும் சொல்லப்போறதில்ல."

தட்டினேன்.

"ஆனா 411-ல, படம் விவரிக்கிய பாருங்க. நெட்டச்சுல விலைன்னு சொன்னிய. கிடையச்சுல என்னன்னு சொல்லவே இல்ல. பரீட்சையில அத வச்சுத்தான் கேப்பான்."

பதிவைப் போட்டுக் கேட்டேன். சொல்லவில்லைதான். ஒருமுறை தட்டி வைத்துவிட்டு, மேல்விசிறியை நிறுத்தி, சன்னல்களை அடைத்து, 411-ஐ முதலிலிருந்து வாசித்தேன்.